கம்பெனி கேட்கும் விவரங்களை எப்படி எழுதித் தருவது?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். எங்களிடம் பெட்டி வாங்கும் பெரிய கம்பெனி, கார்பன் வெளியேற்றம் முதலான விவரங்களைக் கேட்டு நீளமான எக்செல் படிவம் ஒன்றை அனுப்பியுள்ளது. நிரப்பித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சட்டம் உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிலைத்தன்மை அறிக்கையை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கை) கட்டாயம் அளிக்க வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. முதல் 250 நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருவோரின் விவரங்களையும் சேர்ப்பது, 2025 மார்ச்சில் வந்த திருத்தத்தின்படி, அவற்றின் விருப்பத்தைப் பொறுத்தது. அதிலும் கொள்முதல் மதிப்பில் 2 சதவீதமோ அதற்கு மேலோ தருபவர்தான் கணக்கில் வருவார். ஆகவே, எந்தெந்தப் பகுதி தங்களுக்கு அவசியம் என்று கொள்முதல் பிரிவிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில், மின்சாரம், டீசல், தண்ணீர், கழிவு ஆகிய நான்கோடு பெரும்பாலான கம்பெனிகள் நின்றுவிடுகின்றன. ஆர்டரை மனத்தில் வைத்து அந்த நான்கையாவது ஒழுங்காகத் தந்துவிடுவது நல்லது.

மின்சாரத்துக்குப் பன்னிரண்டு மாத பில்களே போதும். பகல், உச்ச நேரம், இரவு என்று யூனிட் மூன்று வரிகளாகப் பிரிந்திருந்தால் மூன்றையும் கூட்டுங்கள். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் வெளியேற்றக் காரணியின்படி (ஒரு யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது வெளியாகும் அளவு) ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மாதம் 6,000 யூனிட் என்றால் ஏறக்குறைய 4.2 டன். டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. அண்மையில் நான் பார்த்த ஒரு லேத் பட்டறையில், மீட்டரில் தெரிந்த வித்தியாசமான 150-ஐ அப்படியே யூனிட்டாக எழுதியிருந்தார்கள். அந்த மீட்டரின் பெருக்கல் எண் (மீட்டர் காட்டும் வித்தியாசத்தைப் பெருக்க வேண்டிய எண்) 40 என்பதால் உண்மையான நுகர்வு 6,000 யூனிட். கூரையில் சோலார் இருந்தால், மின்வாரியத்துக்கு அனுப்பியதைக் கழித்த நிகர யூனிட்டை எழுதாமல், மின்வாரியத்திடமிருந்து வாங்கிய யூனிட்டை எழுத வேண்டும்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். பாய்லருக்கு உமிதான் எரிபொருள். இதிலும் கார்பன் கணக்கு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நிலக்கரிக் கணக்கு போலன்று. நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்த கார்பனே உமி எரியும்போது திரும்பிப் போவதால், அந்தக் கார்பன் டை ஆக்சைடை மொத்தத்தில் சேர்க்காமல் தனி வரியில் காட்டுவதே முறை. எரியும்போது சிறிதளவு உண்டாகும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் உங்கள் நேரடி வெளியேற்றத்தில் சேரும். உமியை எடை போட்டிருக்கமாட்டீர்கள். நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி என்று கொண்டு, அதில் வெளியே விற்றதைக் கழித்து எழுதி, ‘மதிப்பீடு’ என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். அப்படிக் குறிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அளக்காததை அளந்ததுபோல் எழுதினால்தான் தணிக்கைக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

கேள்வி: தண்ணீர் முழுவதும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. மீட்டர் இல்லை. என்ன எழுதுவது?

பதில்: 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 6,000 லிட்டர். மோட்டார் ஓடும் மணிக்கணக்கால் பெருக்கினால் அளவு கிடைத்துவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் வரத்தும் குறையும் என்பதால், மழைக்காலத்தில் ஒரு முறை, மேடத்தில் (சித்திரை மாதத்தில்) ஒரு முறை என்று அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இத்தனை கேட்பவர்கள் எங்கள் பில்லுக்கு 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். அதை யார் கேட்பது?

பதில்: அந்தக் கேள்வியும் அவர்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. சப்ளையர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறோம் என்பதையும், சிறு தொழில்களிடமிருந்து எவ்வளவு வாங்குகிறோம் என்பதையும் அவர்கள் அதில் சொல்லியாக வேண்டும். தவிர, உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். தாமதமான பணத்துக்கான அரசின் இணையதளத்தில் புகார் கொடுப்பதற்கு முன், நிரப்பிய படிவத்தோடு உத்யம் சான்றிதழின் நகலையும், நிலுவையில் உள்ள பில்களின் தேதிவாரிப் பட்டியலையும் சேர்த்து ஒரே மின்னஞ்சலில் அனுப்பிப் பாருங்கள்.