கடலில் கொட்டிய எண்ணெய்க்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் தெளிக்கலாமா?

கேள்வி இதுதான்: உவரி, கூத்தங்குழி பக்கம் கடலில் எண்ணெய் பரவினால், மீனுக்குக் கேடில்லாத டிஸ்பர்சன்ட்டை (எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீரில் கலக்கும் மருந்தை) உள்ளூர்ச் சரக்கிலேயே செய்ய முடியுமா?

பூந்திக்கொட்டை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் மீனின் செவுளைத் தாக்கும். இயற்கைச் சரக்கு என்றால் சாது என்று அர்த்தமில்லை. சாதா சோப்பும் ஆகாது. கடல்நீரின் கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து திரைந்துவிடும்.

முயலத் தகுந்தது சோயா லெசித்தினும் பாலிசார்பேட் 80-உம். இரண்டும் ஐஸ்கிரீமில் சேர்ப்பவைதான். எடையில் 60:40 எடுத்து எத்தனாலில் கரையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் எண்ணெய் 70 மைக்ரானுக்கும் சிறிய துளியாக உடைந்து, மேலே வராமல் நீரிலேயே நிற்கும். பாக்டீரியாவுக்கும் தின்ன வசதி.

சோதனைக்கு, பக்கங்களில் உள்நோக்கி மடிப்புகள் உள்ள குடுவையில் (baffled flask) 120 மி.லி. கடல்நீர், அதன்மேல் 100 மைக்ரோலிட்டர் கச்சா எண்ணெய், எண்ணெயின் நடுவில் 4 மைக்ரோலிட்டர் மருந்து. நிமிடத்துக்கு 200 சுற்றில் 10 நிமிடம் ஆட்டி, 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். நீர் காபி நிறமானால் வேலை செய்கிறது. பால் போல வெளுத்து, மேலே எண்ணெய் அப்படியே கிடந்தால் மருந்துதான் தண்ணீரில் போயிருக்கிறது. புன்னக்காயல் முகத்துவாரத் தண்ணீரை எடுக்காதீர்கள். உப்பு குறைந்தால் முடிவு மாறும்.

நச்சுச் சோதனையை மருந்துக்கு மட்டும் செய்து நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. எண்ணெயும் மருந்தும் கலந்த நீரில் இறால் குஞ்சுகளை 96 மணி நேரம் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கேடு அங்கேதான் தெரியும்.

2017-இல் எண்ணூரில் ஒதுங்கியது போன்ற கெட்டி எண்ணெய்க்கு இதெல்லாம் எடுபடாது, வாளியால் அள்ளத்தான் வேண்டும். கடலில் தெளிப்பதோ, கடலோரக் காவல்படை அனுமதியோடு, ஆழமான இடத்தில் மட்டும்.