அது சட்டம், சரி, நியாயமா?

இயற்கைச் சட்டம் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. சேலம் கோர்ட்டில் தொழில் செய்கிறேன், சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடமும் எடுக்கிறேன், அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அம்மாபேட்டையிலிருந்து: இயற்கைச் சட்டம், பாசிட்டிவ் சட்டம் என்கிறீர்களே, தறி ஓட்டுற எங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க சார்.

ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம்ம சேலம் ஜில்லாவில்தான். அப்போது காவிரிக்கு இந்தப் பக்கம் பள்ளிபாளையம் சேலம் ஜில்லா, அந்தப் பக்கம் ஈரோடு கோயம்புத்தூர் ஜில்லா. ஆக, பள்ளிபாளையத்தில் கள் குடித்தால் கேஸ், ஆற்றைத் தாண்டிப் போய் அதே கள்ளைக் குடித்தால் கேட்க நாதியில்லை. அதற்கு முன்பு கள்ளுக்கடையை ஏலம் விட்டுப் பணம் பார்த்ததும் இதே சர்க்கார்தான். குடி பாவமா இல்லையா என்பது ஒரே ராத்திரியில் மாறாது, ஆற்றங்கரையோடு நிற்கவும் நிற்காது. மாறியது சட்டசபை போட்ட விதி மட்டும்தான். அதிகாரம் உள்ளவர்கள் உரிய முறையில் போட்டதுதான் சட்டம், அது நல்லதா கெட்டதா என்பது தனிக் கேள்வி என்று சொல்பவர்கள் பாசிட்டிவிஸ்டுகள்: பெந்தம், ஆஸ்டின், அப்புறம் கெல்சன், ஹார்ட். இல்லை, மனித அறிவுக்கு எட்டுகிற அறம் ஒன்று எல்லாச் சட்டத்துக்கும் மேலே இருக்கிறது, அதோடு முட்டுகிற சட்டம் சட்டமென்ற பெயருக்கே அருகதை இழக்கிறது என்பவர்கள் இயற்கைச் சட்டக்காரர்கள். ரோமாபுரியின் சிசரோவும் 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸும் இந்தப் பக்கம்.

ஆத்தூரிலிருந்து: நாங்கள் குறவர் சமூகம். எங்க தாத்தா தினம் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்த்தான் படுக்கணும் என்று பாட்டி சொல்லும். அதெல்லாம் ஒரு சட்டமா அண்ணா?

ரேகைச் சட்டம் என்று நம் ஆட்கள் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டம் அது. 1871-இல் வடக்கே ஆரம்பித்தது, 1911-இல் புதிதாகப் போட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது, இங்கே 1947-இல்தான் ரத்தானது. இன்ன சாதியில் பிறந்தவன் என்பதற்காகவே கைரேகை எடுத்து, பதிவேட்டில் பெயர் எழுதி, ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வைத்தார்கள். அநியாயமான சட்டம் சட்டமே அல்ல என்று கிறிஸ்தவ ஞானி அகஸ்டின் வழியில் உங்கள் தாத்தாவுக்கு ஆறுதல் சொல்லலாம்தான். ஆனால் அவர் அதை நம்பி ஒரு ராத்திரி வீட்டிலேயே படுத்திருந்தால், மறுநாள் காலை ஏட்டு வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

என்னைக் கேட்டால், அது சட்டம்தான் தம்பி, அக்கிரமமும்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது சட்டமே இல்லை என்று சொல்லிவிட்டால் ஏதோ சில முரட்டுப் போலீஸ்காரர்கள் செய்த அட்டூழியம் போல ஆகிவிடும். படித்தவர்கள் உட்கார்ந்து வரைவு எழுதி, சபையில் நிறைவேற்றி, கெசட்டில் போட்டுச் செய்த காரியம் அது. அந்தக் கணக்கு அழியக்கூடாது.

சட்ட மாணவி ஒருவர்: ஹார்ட், ஃபுல்லர் விவாதத்தில் வரும் அந்த ஜெர்மன் பெண் கேஸ் எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

1944-இல் கணவர் ஹிட்லரைப் பற்றி வீட்டில் திட்டியதை, அவரைத் தொலைத்துக்கட்ட நினைத்த மனைவி போய்ச் சொல்லிக்கொடுத்தார். மரண தண்டனை விதித்து, நிறைவேற்றாமல் போர்முனைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்து 1949-இல் மனைவி மேல் வழக்கு. நான் அன்றைய சட்டப்படிதானே செய்தேன் என்றார். அந்த வாதம் செல்லவில்லை, அவர் குற்றவாளிதான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

அதற்கு முன்பே, 1946-இல், ராட்புருக் என்ற ஜெர்மன் சட்ட அறிஞர், பொறுக்கவே முடியாத அளவுக்கு அநியாயமான சட்டம் நீதிக்கு வழிவிட்டாக வேண்டும் என்று எழுதியிருந்தார். 1958-இல் ஹார்ட் இதற்கு மறுப்புச் சொன்னார்: நாஜிச் சட்டமும் சட்டமாகத்தான் இருந்தது, அவளைத் தண்டித்தே ஆக வேண்டுமானால் முன்தேதியிட்டு ஒரு சட்டம் போடு, அதுவும் ஒரு தப்புதான், ஆனால் தெரிந்து செய்கிற தப்பு. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபுல்லரின் பதில் வேறு மாதிரி. ரகசியமாகப் போட்டது, முன்தேதியிட்டுப் போட்டது, நீதிபதியே மதிக்காதது, இதையெல்லாம் சட்டம் என்று எப்படிச் சொல்வது? ஊருக்குச் சொல்லிச் செய்வது, முன்கூட்டிச் சொல்வது, புரியும்படி சொல்வது, இவையே சட்டத்தின் உள்ளறம் என்றார். பரீட்சையில் எல்லோரும் ராட்புருக்கை எழுதிவிட்டு ஃபுல்லரை ஒரு வரியில் முடிக்கிறார்கள், மதிப்பெண் அங்கேதான் போகிறது.

கண்ணகி வழக்காடியது இயற்கைச் சட்டம்தானே?

மேடையில் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. திருடனுக்குக் கொலைத் தண்டனை என்ற சட்டத்தை அவள் எங்கேயும் எதிர்க்கவில்லை. என் கணவன் திருடவில்லை, நீ விசாரிக்கவில்லை என்றாள், சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டினாள். அது சாட்சியமும் விசாரணையும் சம்பந்தப்பட்ட சண்டை.

சார்ஜ் மெமோ கொடுத்து விளக்கம்கூடக் கேட்காமல் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். இயற்கை நீதி மீறல் என்கிறார் யூனியன்காரர். அதுவும் இதுவும் ஒன்றா?

சொந்தக்காரர்கள், ஒன்றல்ல. இயற்கை நீதி என்றால் இரண்டே விஷயம்: எதிர்த்தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்காதே, உன் வழக்குக்கு நீயே நீதிபதி ஆகாதே. இது கோர்ட்டில் தினமும் புழங்குகிற விதி, தத்துவம் பேச வேண்டியதில்லை. மெமோவையும் வேலைநீக்க உத்தரவையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் வழக்கு பார்ப்பவரிடம் சீக்கிரம் போங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: அரசியலமைப்புச் சட்டம் வந்த பிறகு இந்தத் தகராறுக்கே வேலையில்லை அல்லவா?

சேலம் மத்திய சிறை இருக்கிற அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் போலீஸ் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அதே மாதக் கடைசியில் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. அப்போது சென்னைச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். நாடாளுமன்றம் ஏதோ ஒரு சட்டம் போட்டு அதில் ஒரு நடைமுறையும் எழுதிவிட்டால் போதுமா, அந்த நடைமுறை நியாயமாக இருக்க வேண்டாமா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 1950 மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள், நிறைவேறிய சட்டம் இருந்தால் போதும் என்றார்கள். நீதிபதி பஸல் அலி மாறுபட்டு எழுதினார். பெரும்பான்மை சொன்னது சுத்தமான பாசிட்டிவிசம். 1978-இல் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில்தான் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று கோர்ட் திரும்பியது.

நடுவில் அவசரநிலை. 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பு. அவசரநிலையில் காவலில் அடைக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி. உயிரையே சட்டவிரோதமாகப் பறித்தாலும் கோர்ட்டுக்குப் போக முடியாதா என்று நீதிபதி கன்னா கேட்டார், முடியாது என்றார் அட்டர்னி ஜெனரல். நான்கு நீதிபதிகள் அரசுப் பக்கம், கன்னா மட்டும் தனியாக. உயிரும் சுதந்திரமும் 21-ஆவது பிரிவு கொடுத்த தானம் இல்லை, அந்தப் பிரிவே இல்லாவிட்டாலும் சட்ட அதிகாரமில்லாமல் அரசு கைவைக்க முடியாது என்று எழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி ஜூனியரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், ராஜினாமா செய்தார். 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் ஜபல்பூர் தீர்ப்பைத் தூக்கியெறிந்தார்கள்.

பூலாவரிப் பக்கத்திலிருந்து: எட்டு வழிச் சாலைக்கு எங்க நிலத்தை அளந்தாங்களே, உழுதவனுக்கு நிலம் இயற்கை உரிமை இல்லையா?

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் இருந்திருந்தால் ஆமாம் என்பார். தன் உழைப்பைக் கலந்தவனுக்கு மண் சொந்தம், அரசாங்கமெல்லாம் அப்புறம் வந்ததுதான் என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் சொத்துரிமை அடிப்படை உரிமையாகத்தான் இருந்தது, 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது 300ஏ பிரிவு: சட்ட அதிகாரம் இருந்தால் எடுக்கலாம். அதனால்தான் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றதும், முறைப்படி போட்டார்களா, சுற்றுச்சூழல் அனுமதி எந்தக் கட்டத்தில் வாங்க வேண்டும் என்ற கேள்விகளையே சுற்றிச் சுற்றி வந்தன. தென்னையும் கிணறும் போகுதே என்று நீங்கள் அழுததற்கு அந்தக் கட்டுகளில் பத்தி இல்லை.

நீங்கள் எந்தப் பக்கம்?

முக்கால்வாசி ஹார்ட். ஜபல்பூரைப் படிக்கிற அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறுவேன்.

ஏற்காட்டிலிருந்து: எங்க முப்பாட்டன் காலத்திலிருந்து காட்டு ஓரம் உழுகிறோம். பட்டா இல்லை. நாங்கள் மலையாளி பழங்குடி. எங்களுக்கு இந்தத் தத்துவத்தால் என்ன பிரயோஜனம்?

உங்களுக்குத்தான் நிறைய. 2006 வன உரிமைச் சட்டம், காட்டு மக்களுக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று முகவுரையிலேயே ஒத்துக்கொள்கிறது. புதிதாக ஒரு சலுகை தருகிறேன் என்று அது பேசவில்லை, ஏற்கெனவே இருந்த உரிமையை இப்போது அங்கீகரிக்கிறேன் என்கிறது. நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்குள்ளேயே இயற்கைச் சட்டக்காரர்கள் வாதம் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

காரியத்துக்கு வருவோம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும், மனு கிராம சபை வழியாகப் போக வேண்டும். ரெவின்யூ காகிதம் இல்லையே என்று யாராவது திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கிக் கொடுத்தாலும் விதிப்படி அது சாட்சியம்தான், ஆனால் மனுதாரர் அல்லாத பெரியவராக இருக்க வேண்டும். கிடைக்கிற பட்டா பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது.