நிறத்தைக் காட்டி விலை: பால் பைத்தான் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்ததில் பாதி பால் பைத்தான் (ball python) கடிதம். பயந்தால் பந்தாகச் சுருளும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது, வீட்டில் வளர்க்கிறார்கள். பேஸ்டல், ஸ்பைடர், பனானா என்று நிறத்துக்கும் கோலத்துக்கும் ஒரு பெயர், அந்த ரகத்துக்கு 'மார்ஃப்' என்று பொதுப்பெயர். எனக்குப் பாம்பு பழக்கமில்லை. அக்கா மகன் கோவையில் இரண்டு வளர்க்கிறான். அவனை உட்கார வைத்துக் கேட்டு எழுதுகிறேன்.

கே: ஆறு மாதத்துக்கு முன் பேஸ்டல் குட்டி வாங்கினேன். அப்போது எலுமிச்சம்பழ மஞ்சள். இப்போது பழுப்படிக்கிறது. சாயம் பூசி விற்றுவிட்டார்களா? (திருப்பூர்)

ப: சாயம் நிற்குமா நிற்காதா என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? பூசியிருந்தால் முதல் சட்டையோடு கழன்றிருக்கும். பேஸ்டல் வளர வளர மங்கும், அது அதன் குணம். சட்டை உரிக்கும் முன் எந்தப் பாம்பும் மங்கித்தான் தெரியும், கண்ணும் பால் படிந்ததுபோல் ஆகும். உரித்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தலையில் வெளிறல், வெளுத்த உதட்டோரம், பச்சை கலந்த கண் இருந்தால் பேஸ்டல்தான். நீங்கள் ஏமாறவில்லை.

கே: தோட்டத்துக் கிணற்றோரம் மலைப்பாம்புக் குட்டி ஒன்று கிடைத்தது. நிறம் வழக்கத்தைவிட வெளுப்பு. அரிய மார்ஃபா? என்ன விலை போகும்? (ஆனைமலை)

ப: விலை போகாது. நீங்கள்தான் ஜெயிலுக்குப் போவீர்கள். அது நம்மூர் மலைப்பாம்பு, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

கே: மூன்று மடங்கு விலை கொடுத்து 'அல்பினோ ஹெட்' ஜோடி வாங்கினேன். பார்த்தால் சாதாரணப் பாம்பாகவே இருக்கிறது. ஹெட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோபி)

ப: பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வியாபாரத்தில் எனக்கு ஆகாத சொல் அதுதான்.

மெண்டலின் பட்டாணிக் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அல்பினோ, அதாவது கருநிறமே இல்லாத உடம்பு, ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் ஹெட். உடம்பு சாதாரணம், சரக்கு உள்ளே. பெற்றோரில் ஒன்று கண்ணுக்குத் தெரிந்த அல்பினோவாக இருந்தால், சாதாரணமாகத் தெரியும் குட்டிகள் அத்தனையும் ஹெட்தான். இரண்டு ஹெட்டைச் சேர்த்தாலோ, சராசரியாக நாலில் ஒன்று அல்பினோ. மிச்சமுள்ள சாதாரணக் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு ஹெட். எது எது என்று விற்கிறவருக்கே தெரியாது. அதைத்தான் '66 சதவீத ஹெட்' என்கிறார்கள். பாம்பில் 66 சதவீதம் அல்பினோ என்று நினைத்து வாங்கிப்போகிறவர்களும் உண்டு! பைபால்டு என்று வெள்ளைத் திட்டு விழுந்த மார்ஃப் ஒன்று உண்டு. வாலருகே ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, 'பைபால்டு ஹெட்டுங்க, அடையாளம் பாருங்க' என்பார்கள். அதெல்லாம் சாட்சி ஆகாது.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு, பாம்பில் இல்லை, தென்னையில். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நாற்றங்காலில் 'நெட்டை குட்டை' கலப்பு ரகம் என்று 40 தென்னம்பிள்ளை வாங்கி வந்தேன். நாலாம் வருஷம் பாளை விடும் என்றார்கள். எட்டாம் வருஷம் விட்டது. அத்தனையும் வெறும் நெட்டை. தாய் மரம் எது என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள். பெற்றோரின் படம், எந்த ஈட்டு முட்டையில் பொரித்தது, '100 சதவீத ஹெட்' என்று பில்லில் எழுத்து. ஜோடி முட்டையிட்டு ஒரே ஒரு அல்பினோ பொரித்தாலும் இரண்டும் ஹெட் என்று உறுதி. ஆனால் உண்மையான ஹெட் ஜோடிக்கே ஆறு முட்டையில் ஒன்றுகூட அல்பினோ வராமல் போக ஏறக்குறைய 18 சதவீதம் வாய்ப்பு உண்டு. விற்றவர் அந்தச் சந்தில் நுழைந்து ஓடிவிடுவார். எழுத்தில் வாங்கச் சொல்வது அதற்குத்தான்.

கே: என் ஸ்பைடர் பைத்தான் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறது. கடையில் கேட்டால் 'மகுடி கேட்ட குஷி' என்று சிரிக்கிறார்கள். (ஈரோடு)

ப: சிரித்தவருக்கு உறைக்க வேண்டும், அம்மணி. உங்கள் மேல் தப்பில்லை. மெல்லிய சிலந்திவலைக் கோடுகளைத் தரும் அந்த ஜீனோடேயே நரம்புக் கோளாறும் சேர்ந்து வருகிறது. ஒன்றுக்குக் கொஞ்சம், இன்னொன்றுக்கு இரையைக் குறிபார்க்கவே முடியாத அளவு. மருந்து கிடையாது. ஏறி விழாத மாதிரி தாழ்வான பெட்டியில் வைத்து, தொந்தரவில்லாமல் வளருங்கள், இனப்பெருக்கம் வேண்டாம். திடீரென்று ஆரம்பித்த ஆட்டமென்றால் வேறு நோயாகவும் இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கே: வாட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பனானா மார்ஃப் கேட்டேன். பஸ் பார்சலில் சாதாரணப் பாம்பு வந்தது. பில் இல்லை. நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டார். எங்கே புகார் செய்வது? (கரூர், கல்லூரி மாணவர்)

ப: தம்பி, உழவர் சந்தையில் கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் அதற்கு முன் உன் கணக்கைப் பார். மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு இது, சைட்டிஸ் என்ற சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பது. 2024-ல் வந்த விதிப்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காட்டக் காகிதம் இல்லாத உயிரை எப்படிப் பதிவாய்? அந்தப் பாம்பையும் நினைத்துப் பார். பயந்தால் பந்தாகச் சுருளும் பிராணி, ராத்திரி முழுக்க டிக்கியில் கிடந்திருக்கிறது.

கே: ஜோடி அவர்களே தருகிறார்கள். பொரிக்கும் குட்டிகளை நிச்சய விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். சேரலாமா? (பெருந்துறை)

ப: ஏனுங்க, பெருந்துறையில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? 2012-ல் கவிழும் வரை ஈமு கோழிக்கும் இதே ஒப்பந்தம்தான், பணம் போட்டவர்கள் ஏமாந்தார்கள். அந்தக் கொட்டகையின் கம்பிவலை இன்னும் என் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. இப்போது அதில் பூசணிக்கொடி ஏறியிருக்கிறது.