சுமப்பது நீங்கள் மட்டும்தானா?

கேள்வி: அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மூத்த மகன் என்பதால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எல்லாக் காரியத்தையும் நின்று முடித்தேன். 'அதுக்கப்புறம்தான் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறீங்க' என்கிறாள் மனைவி. புதைத்ததை எதற்குத் தோண்ட வேண்டும்? யாருக்கும் தொல்லை தராமல் நான்தானே சுமக்கிறேன்?
- பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: நீங்கள் மட்டுமா? உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் டி.வி.யை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது பயமாகத்தான் படுகிறது.

2003இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. முன்பின் தெரியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனதைக் கலங்கடிக்கும் விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், 'உணர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள்' என்று சொல்லிவைத்தார்கள். ரத்த அழுத்தம் யாருக்கு எகிறியது தெரியுமா? விஷயமே தெரியாமல் எதிரில் உட்கார்ந்து பேசினாரே, அவருக்கு! கொஞ்ச நேரப் பேச்சுக்கே இந்தக் கதி. உங்கள் மனைவி ஆறு வருஷமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஊரில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. துக்க வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். போனவர் பெருமையோடு, தான் வாழப்போன இடத்தில் பட்ட பாட்டையும் சேர்த்துப் பாடி இறக்கிவிடுவார்கள். ஆண்களுக்கோ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் காபி. 'எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?', 'பூ வந்திருச்சா?' இதுதான் பேச்சு. மூத்த மகன் பாடு இன்னும் மோசம். பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருப்பார்.

தோண்ட வேண்டாம் என்கிறீர்கள். சரி, புதைந்தது சும்மா கிடந்தால் நானும் விட்டுவிடலாம் என்பேன். சாம்பாரில் உப்பு கூடினதற்குத் தட்டு பறக்கிற வீட்டில் அது சும்மா கிடக்கவில்லை. தூக்கமும் கெட்டிருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பியது நாலு பக்கக் கடிதம். மூன்றே முக்கால் பக்கம் காரியச் செலவும் தம்பி தராத பங்கும். அப்பாவின் கடைசி ராத்திரியைப் பற்றி ஒரே ஒரு வரி, அதையும் எழுதி அடித்திருக்கிறீர்கள். படிக்க முடிந்தது. அதை இங்கே அச்சிடவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் உங்கள் மனைவி.