இறங்கியதும் தார்ப்பாயைத் தொடாதீர்கள்

கேள்வி: வயது 42. நாமக்கல்லில் இருந்து 19 வருடமாக லாரி ஓட்டுகிறேன். ஒரு வருடமாக இடுப்பு வலி. மூன்று வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை இழுக்கிறது. ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். வலி தாங்காவிட்டால் வழியில் ஊசி போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். கிளட்ச் மிதித்து மிதித்துத்தான் இப்படி ஆனதா? லைனுக்குப் போவதையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தொழிலை விட வேண்டிய நிலை இல்லை. ஆனாலும் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலடி, நுனிக்காலால் நாலடி நடந்து பாருங்கள். இடது கால் தொய்ந்தால், மருத்துவரைப் பார்க்கும்வரை வண்டி எடுக்காதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் அடங்காத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் பார்க்க வேண்டும்.

கிளட்சை மிதிக்கும்போது வலி சுண்டி இழுக்கலாம். ஆனால் முக்கியக் காரணம் சீட் வழியாக ஏறும் அதிர்வு. உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு, நொடிக்கு 4 முதல் 6 முறை மேலும் கீழும் குலுங்கும்போதுதான் மிக அதிகமாக ஆடும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் உயர எழும்புமே, அதுபோல. லாரி, பஸ் குலுக்கலில் பெரும்பகுதி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் முதுகுத் தசை இறுகி இறுகிக் களைத்துப்போகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வின் உட்பகுதிக்கு ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள எலும்பில் இருந்து ஊறி வரும் சத்துதான் அதற்குச் சாப்பாடு. பீடி, சிகரெட் பழக்கம் அதையும் குறைத்துவிடும்.

என்னிடம் வரும் டிரைவர்கள் பலரும் ஓட்டும்போது முதுகு பிடித்துக்கொண்டதாகச் சொல்வதில்லை. "ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினேன், தார்ப்பாய் கயிற்றை இழுத்தேன், அப்படியே பிடித்துக்கொண்டது" என்பார்கள். ஸ்டெப்னி மாற்றும்போது, லோடு இறக்கக் கை கொடுக்கும்போது நடப்பதும் இதுதான். தசை சோர்ந்து ஜவ்வு அமுங்கியிருக்கும் நேரத்தில் குனிந்து பாரம் தூக்கினால் தாங்காது. கேபினில் இருந்து குதிக்காமல் பிடித்துப் பிடித்து இறங்குங்கள். பத்து நிமிடம் நடங்கள், டீ குடியுங்கள். அதன் பிறகே கயிற்றில் கை வையுங்கள். இந்த ஒன்றையாவது தவறாமல் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்தது சீட். ஸ்பாஞ்ச் அமுங்கிப் பலகை தட்டினால் முதலாளியிடம் சொல்லி மாற்றுங்கள். பிரேக் தேய்ந்தால் மாற்றுகிறோம். சீட் தேய்ந்தால் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? கிளட்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி சீட்டை முன்னால் நகர்த்துங்கள். சாய்மானம் லேசாகப் பின்னால் சாயட்டும். இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பர்ஸைப் பின்பாக்கெட்டில் இருந்து எடுத்துவிடுங்கள். அது பிட்டத்து நரம்பை அழுத்தும். தொடர்ந்து 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் தொழிலாளர் சட்டமே சொன்னது. நான் அதற்கும் குறைவாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கச் சொல்வேன்.

ஸ்கேனைப் பார்த்து மிரளாதீர்கள். உங்கள் வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கும். காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை இல்லாமலே குறைகிறது. படுத்தே கிடக்க வேண்டாம், நடங்கள். ஆனால் வலி இருக்கும் இந்த வாரங்களில் தொலைதூர லைனைத் தவிருங்கள்.

அந்த ஊசியை நிறுத்திவிடுங்கள். அடிக்கடி போட்டால் சிறுநீரகமும் வயிறும் கெடும். சிறுநீரை அடக்க வேண்டியிருக்குமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போது டிரைவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நரம்பு வலிக்கும் தசை இறுக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது.