தாத்தா ஏன் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை?

கேள்வி: என் கணவர் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் பெரிய விழா. என் பிறந்த வீட்டில் அந்த வழக்கமே இல்லை. 8 வயது மகளுக்கும் 5 வயது மகனுக்கும் உலகமெல்லாம் இதை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று காட்டலாமே என்று 20 நாடுகளுக்குப் பட்டியல் போட்டேன். இரண்டாம் நாளே இருவரும் எழுந்து போய்விட்டார்கள். போதாததற்கு மகள், "தாத்தா ஏன் கிறிஸ்துமஸ் கொண்டாடறதில்ல? அவருக்கு மட்டும் யாரும் பரிசு தரமாட்டாங்களா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்தப் பட்டியலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நாட்டின் பெயர் பிள்ளைகளுக்குப் பெரிதில்லை. அங்கே தன் வயதுப் பிள்ளை ராத்திரி படுக்கப் போகுமுன் என்ன செய்யும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

ஒரே ஒரு ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்துப் பிள்ளைகள் டிசம்பர் 11 ராத்திரியிலிருந்து ஜன்னலோரம் ஒரு ஷூவை வைத்துவிட்டுத் தூங்குவார்கள். மலையிலிருந்து ராத்திரிக்கு ஒருவராக 13 குறும்புக்காரர்கள் இறங்கி வருவார்களாம். ஒருவன் கரண்டியை நக்குவான், ஒருவன் கதவை டமால் என்று சாத்துவான், இன்னொருவன் மெழுகுவர்த்தியைத் திருடுவான். சொன்ன பேச்சு கேட்ட பிள்ளையின் ஷூவில் சின்னப் பரிசு இருக்கும், அடம்பிடித்த பிள்ளைக்கு அழுகிய உருளைக்கிழங்கு. (அதைச் சொல்லிப் பயமுறுத்த மட்டும் வேண்டாம்.) நெதர்லாந்திலும் ஷூதான், ஆனால் பரிசு கொண்டுவரும் புனித நிக்கோலஸின் குதிரைக்காக அதற்குள் ஒரு கேரட்டும் இருக்கும், அங்கே பெரிய நாள் டிசம்பர் 5. ஸ்பெயினில் ஜனவரி 5 ராத்திரி ஷூவை வைப்பார்கள், வருகிறவர்கள் குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்கள். உங்கள் மகனையே அவன் ஷூவைத் துடைத்து ஜன்னலில் வைக்கச் சொல்லுங்கள், கேரட்டையும் அவனே போடட்டும். இந்த வருஷத்துக்கு இது போதும், மீதி நாடுகள் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கப்போகின்றன.

மகள் கட்டாயம் தேதியில் வந்து நிற்பாள், ஏன் எல்லோருக்கும் ஒரே நாள் இல்லை என்று. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரில் டிசம்பர் 25இலிருந்து 13 நாள் எண்ணச் சொல்லுங்கள். விரல் ஜனவரி 7இல் போய் நிற்கும். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் திருச்சபை இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது, அது நம்முடையதற்கு 13 நாள் பின்னால் ஓடுவதால் அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. உக்ரைன் 2023இல் சட்டம் போட்டு கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றிக்கொண்டது. ஒரே பிறந்தநாளை இப்படி வேறு வேறு நாளில் கொண்டாடுகிறார்கள், அதில் யாரும் தப்பானவர்கள் இல்லை என்பது எண்ணி முடிக்கும்போதே அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

சரி, தாத்தா விஷயத்துக்கு வருவோம். "எல்லாப் பண்டிகையும் ஒன்றுதான் கண்ணு" என்று மட்டும் மழுப்பிவிடாதீர்கள். ஒன்று இல்லை என்பது அவள் கண்ணுக்கே தெரிகிறது. அப்பா வீட்டுப் பாட்டிக்கு அது இயேசு பிறந்த நாள், அதை நம்பித்தான் அவர் ஜெபிக்கிறார், கேக்கும் நட்சத்திரமும் அதற்கு அப்புறம்தான் என்று நேராகவே சொல்லுங்கள். தாத்தாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை, அவர் சின்ன வயதில் காத்திருந்தது வேறொரு நாளுக்காக. எந்த நாளுக்கு என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அது தாத்தா சொல்ல வேண்டிய கதை. அந்த நாளுக்கு முந்தின ராத்திரி அவர் வீட்டில் என்ன நடக்கும், யார் முதலில் எழுந்திருப்பார்கள், புதுத்துணியை எங்கே ஒளித்து வைத்திருப்பார்கள் என்றெல்லாம் அவள் கேட்கட்டும். அப்புறம், அவருக்குப் பரிசு தர ஆசைப்பட்டால் தாராளமாகத் தரட்டும், கிறிஸ்துமஸ் அன்றைக்கா அவருடைய பண்டிகை அன்றைக்கா என்பதைப் பேத்தியும் தாத்தாவுமே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

இந்த வாரமே போன் போட்டு அவள் கையில் கொடுங்கள். பக்கத்தில் நின்று கேள்வி எடுத்துக்கொடுக்காதீர்கள்.