கொச்சியில் அரை நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன வாரம் ஆபீஸ் வேலையாக மூன்று நாள் கொச்சி போயிருந்தேன். காக்கநாடு இன்ஃபோபார்க்கில் மீட்டிங். வெள்ளியோடு வேலை முடிந்தது, ரயில் சனிக்கிழமை இரவுதான். அந்தப் பகலில் ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் பார்த்துவிடலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். யூதர் கோயில் பூட்டிக் கிடந்தது. சர்ச்சில் வாஸ்கோடகாமாவைப் புதைத்த இடம் என்று ஒரு காலிக் கல்லறையைக் காட்டினார்கள். சீன வலையில் ஒருவர் "வாங்க சார், கயிறு பிடிங்க" என்று கூப்பிட்டு இழுக்கவிட்டு இருநூறு ரூபாய் கேட்டார். போனில் நூற்றைம்பது போட்டோ இருக்கிறது, மனதில் ஒன்றும் இல்லை. 'ஆபீஸ் செலவில் போவது பயணத்தில் சேராது' என்று நீங்கள் முன்பு எழுதியது ஞாபகம் வந்தது. படித்தபோது கோபம் வந்தது, இப்போது சரிதானோ என்று இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி போகவேண்டும், அரை நாள் கிடைக்கும். எதைப் பார்க்கலாம்? வீட்டுக்கு என்ன வாங்கலாம்?

ர., கோவை

அன்புள்ள ர.,

அந்த வரியை நான் எழுதியது உண்மை. அது தப்பு. எழுதும்போது கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதிலும் கொச்சி விஷயத்தில் அது முழுத் தப்பு, ஏனென்றால் அந்த ஊருக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களைப்போல வேலையாக வந்தவர்கள்தான்.

நீங்கள் பார்த்த காலிக் கல்லறையையே எடுத்துக்கொள்ளுங்கள். காமா மூன்றாம் முறையாக இந்தியா வந்தது 1524இல், வைஸ்ராய் பதவி போட்டு அனுப்பிவைத்தார்கள். செப்டம்பரில் வந்து சேர்ந்தவர் டிசம்பர் 24ஆம் தேதி கொச்சியில் செத்துப்போனார். டூட்டியில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. எலும்புகள் ஊர் போய்ச் சேர்ந்தது 1539இல். அடுத்த முறை அதே சர்ச்சில் சுவர்களைப் பாருங்கள். தரையில் இருந்த கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுவரில் பதித்திருப்பார்கள், ஒரு பக்கம் போர்த்துகீசியர், எதிர்ப்பக்கம் டச்சுக்காரர். வேலைக்கு வந்து திரும்பிப் போகாதவர்களின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும். மேலே தொங்கும் துணி விசிறிகளின் கயிறு சுவர் வழியாக வெளியே போகிறது. உள்ளே துரைமார் ஜெபம் செய்ய, வெளியே வெயிலில் ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

துறைமுகமே அப்படி வந்ததுதான். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் வடக்கே முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சி முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்கிறார்கள். நம் அகநானூறு 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று சொல்கிற அதே முசிறி. யவனர் கப்பல் பொன்னோடு வரும், மிளகோடு போகும். முசிறி போனதும் அந்த வியாபாரம் கொச்சிக்கு இடம் மாறியது, பின்னாலேயே அரபிகள், யூதர்கள், குஜராத்திகள், கொங்கணிகள், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்கள் வந்தார்கள்.

அப்புறம், சனிக்கிழமை யூதர் கோயில் பூட்டியிருக்காமல் என்ன செய்யும்? அது அவர்களுக்கு ஓய்வுநாள். டச்சு அரண்மனைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை, அது தெரியாமல் நானும் ஒருமுறை போய் வாசலில் நின்றிருக்கிறேன். இன்னொரு நாள் யூதர் கோயிலுக்குள் போக வாய்த்தால் தரையைப் பாருங்கள், சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். ஆனால் பூட்டியிருந்த அன்றும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஒன்று உண்டு. வெளியே நிற்கும் மணிக்கூண்டு, 1760இல் கட்டியது. அதில் கோயிலைப் பார்த்த முகத்தில் எபிரேய எழுத்து, அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள், துறைமுகத்துக்கு ரோமன் எண்கள். அதைக் கட்டிய வியாபாரிக்குத் தன் வாடிக்கையாளர்கள் யார் யார் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தபோது கொச்சி ஏலத்துக்கு அனுப்புவார்கள். வில்லிங்டன் தீவில் 1947 முதல் நடக்கும் ஏலம், டஸ்ட் டீக்குப் பேர்போனது. கம்ப்யூட்டர் ஏலம் வராத காலம், சுத்தியல் தட்டுவார்கள். அப்போது டீ கார்டன் எக்ஸ்பிரஸ் என்றே ஒரு ரயில் தீவுக்குள்ளேயே போய் நிற்கும். ஹார்பர் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது. கம்பெனி கொடுத்த படிக்கு எர்ணாகுளத்தில் ரூம் கட்டாது, படகேறி ஃபோர்ட் கொச்சியில் ஒரு லாட்ஜில் தங்குவேன்.

ஒரு தடவை ஏலத்துக்கு முந்தின நாள், ருசி பார்க்க வரிசையாக ஊற்றி வைத்திருந்த கிண்ணங்களில் ஒன்றை முழங்கையால் தட்டிச் சட்டையெல்லாம் டீ. இருந்த இன்னொரு சட்டை ரயில் கரி. லாட்ஜ் பையன் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனான், சாயங்காலம் வரைக்கும் ஆளைக் காணோம். பனியனோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? மேலே துண்டைப் போட்டுக்கொண்டு விசாரித்து வெளி மைதானத்துப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு பெரிய சலவைக் கூடம். வரிசையாகத் தடுப்புகள், ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு துவைகல். பின்னால் காயப்போட்ட வெள்ளைத் துணி, கண் கூசுகிறது. கொடியில் ஒரு கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்கைச் சற்றே விலக்கித் துணியின் நுனியைச் சொருகிவிடுகிறார்கள், கடற்காற்று என்ன ஆட்டு ஆட்டினாலும் விழவில்லை. உள்ளே அரிசிக் கஞ்சி போட்ட துணியின் மணமும் கரிப்பெட்டியின் சூடும். தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "டீக்கறை சட்டைதானே சார்? கறை போயிட்டு, கொஞ்சம் இருங்க" என்றார். தமிழ்!

டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தின் உடுப்பு வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் அவர்கள். டச்சுக்காரன் போனான், வெள்ளைக்காரன் போனான், இவர்கள் இருந்துவிட்டார்கள். "தமிழ்நாட்டுல எந்த ஊரு?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "இந்த ஊருதான் சார்" என்றார். சட்டையை மடித்துக் கையில் கொடுத்தபோது இன்னும் சுடச்சுட இருந்தது. இத்தனை வருடத்தில் கொச்சி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சூடுதான்.

அதனால் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். காக்கநாட்டிலிருந்து வாட்டர் மெட்ரோவில் வைட்டிலா, அங்கிருந்து எப்படியாவது ஹைகோர்ட் ஜெட்டி, மறுபடி படகில் ஃபோர்ட் கொச்சி. தண்ணீர் வழியாகவே ஊருக்குள் நுழையுங்கள், காரில் போனால் அது இன்னொரு ஊர். இறங்கியதும் ஏதாவது ஒரு வேலையை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். சலவைக் கூடமானாலும் சரி, சீன வலையானாலும் சரி. கயிற்றைப் பிடிக்காமல் தள்ளி நின்று பாருங்கள். ஒருவர் நடுமரத்தின்மேல் ஏறி முன்னால் நடப்பார், அவர் எடைக்கே அத்தனை பெரிய வலையும் தண்ணீருக்குள் இறங்கும். சற்று நேரம் விட்டு நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, மறுமுனையில் தொங்கும் பாறாங்கற்கள் கீழே இறங்கி வலையைத் தூக்கிக் கொடுக்கும். உள்ளே பெரும்பாலும் கைப்பிடி மீன்தான். உங்களிடம் கேட்ட இருநூறு ரூபாய் அந்த மீன் கணக்கில் சேர்த்தி. எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் கொடுத்திருப்பேன்.

ஆபீஸ் செலவு என்ற உறுத்தலைப் பற்றி: மீட்டிங்கை முடித்துக்கொடுத்தீர்கள் அல்லவா? படகு டிக்கெட்டை கிளெய்மில் எழுதாதீர்கள், போதும்.

வீட்டுக்கு மிளகு வாங்குங்கள். யூதர் தெருவில் கண்ணாடிக் குப்பியில் ரிப்பன் கட்டி விற்பதை விட்டுவிட்டு, பஜார் ரோடு பக்கம் மூட்டை அடுக்கியிருக்கும் கடைக்குப் போங்கள். கால் கிலோவுக்குக் குறைந்து கேட்டால் முறைப்பார்கள். சுக்கும் அங்கேயே நன்றாக இருக்கும். மணிகளை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பாருங்கள், பறந்தால் பதர்.